இரும்புக் கடையில் ஒரு காய்ச்சல் மாத்திரை

மன்னிப்புக் கேட்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம். பஸ்ஸில் நான் ஒருவர் காலை மிதித்துவிட்டால்கூட, "காலை உள்ளே இழுத்து வைக்கக் கூடாதா?" என்று அவரிடமே கோபப்படும் ரகம் நான். (என் மனைவி ஸ்டெல்லா இதைச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லவும் தயார்.)

ஸ்டெல்லா ஜெருசலேமில் ஒரு முதியவரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். மகள் கோயம்புத்தூரில் விடுதியில். தக்கலை வீட்டில் ஆறு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேஜை. உட்கார நான் ஒருவன். மாலை ஏழு மணிக்கு அவள் அழைப்பாள் என்பதற்காகத்தான் என் பள்ளிக்கூட ஆபீஸ் வேலையும் பகலும் நகரும். அப்படிப்பட்டவன், ஒருநாள் அவள் அரை மணி நேரம் பிந்தியதற்கு, "ஊரான் அப்பனுக்குச் சோறூட்ட நேரமிருக்கு, என்கிட்ட பேச நேரமில்லியா?" என்று கேட்டுவிட்டேன். போனை வைத்துவிட்டாள். பதினெட்டு நாள் அழைப்பு இல்லை. 'மன்னிச்சுக்க' என்று டைப் செய்வேன். அனுப்பும் முன் விரல் தானாக அழித்துவிடும்.

அப்போதுதான் அவள் முன்பு சொன்ன கதை நினைவுக்கு வந்தது. அந்த முதியவர் இளவயதில் யெஷிவா எனும் யூத வேதபாடசாலையில் படித்தவர். அங்கே வேதம் படித்தால் மட்டும் போதாதாம், குணத்தையும் செப்பனிட வேண்டுமாம். வாரத்துக்கு ஒரு கெட்ட குணத்தை எடுத்துக்கொண்டு, எங்கே சறுக்கினோம் என்று தினமும் நோட்டில் எழுதுவார்கள். கர்வத்தை உடைக்க, அந்தக் காலத்து மாணவர்கள் சிலர் வேண்டுமென்றே மருந்துக் கடைக்குப் போய் ஆணி கேட்பார்களாம். எல்லோரும் சிரிக்கும்வரை அசையாமல் நிற்பார்களாம்.

நானும் ஒரு நோட்டு வாங்கி 'கர்வம்' என்று தலைப்பிட்டேன். முதல் நாள் எழுதியது: "இன்று கர்வமே இல்லை. இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் போயிருக்காது."

மருந்துக் கடையில் எந்நேரமும் தெரிந்த முகங்கள். ஆகவே பயிற்சியைத் திருப்பிப் போட்டேன்: இரும்புக் கடையில் காய்ச்சல் மாத்திரை. அதுவும் சனிக்கிழமை மதியம். (அவமானப்படப் போகிறவன் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போனதை நோட்டில் எழுதவில்லை.)

"சாகுல் அண்ணே, ஒரு காய்ச்சல் மாத்திர கிடைக்குமா?"

கடைக்காரர் சாகுல் அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்தார்.

"சூடு ஒண்ணும் இல்லியே... சாரே, இப்பிடி இரியும்."

பெயின்ட் டப்பா மேல் உட்காரவைத்தார். பைப் வாங்க வந்திருந்த பிளம்பரிடம் குரலைத் தாழ்த்தி, "ஒத்தைக்குக் கெடக்க மனுசன்லா. பொண்டாட்டி வெளிநாட்டுல. புத்தி பேதலிக்காம என்ன செய்யும்?" என்றார். பிளம்பர் தன் டீயை என் கையில் கொடுத்தார்.

கேலிக்கு நான் தயாராகப் போயிருந்தேன். பரிதாபத்துக்கு இல்லை. என் தனிமை எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தேன்; கடைத்தெருவுக்கே தெரிந்திருக்கிறது. டீயை வாயருகே கொண்டுபோனபோது அழுகை வந்துவிட்டது. சாகுல் அண்ணனுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. வீட்டுக்குப் பெயின்ட் எடுத்தபோது நிறம் பார்க்க ஸ்டெல்லா அவரைத்தான் வீடியோவில் அழைத்திருந்தாள். அந்த எண்ணுக்கு அடித்தார்.

"தங்கச்சி, பயப்படாத. சாரு என் கடையில வந்து காய்ச்சல் மாத்திர கேக்காரு. பொறவு இருந்து அழுகாரு."

திரையில் ஸ்டெல்லாவின் பயந்த முகம் மெல்ல மாறியது.

"இஞ்ச பாருங்க, மருந்துக் கடையில போயி ஆணியில்லா கேக்கணும்? அதையும் தப்பாத்தான் செய்யணுமா?"

"அங்க கூட்டமா இருந்துச்சு" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பதினெட்டு நாளாக விரலில் நிற்காதது, பிளம்பர் பார்த்திருக்க, வாயில் வந்துவிட்டது: "மன்னிச்சுக்க ஸ்டெல்லா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, மாத்திரை கேட்கிறோம். மகள் ஒரு பாடத்தில் கோட்டை விட்டபோதுகூட, "அப்பா, மாத்திர இருக்கா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்த ஸ்டெல்லாவிடமிருந்து நேற்று ஒரு செய்தி வந்தது. "லீவு கெடைக்கல்ல. ஒரு மாத்திர தருவியளா?"

முதலில் நான் டைப் செய்ததை இங்கே எழுத முடியாது. விரல் அதை அழித்தது. "முழு அட்டையே வச்சிருக்கேன், எடுத்துக்க" என்று அனுப்பிவிட்டு, அந்த ஆறு நாற்காலிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.