தம் போட்ட சைலன்சர்

டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருக்கும் யாரும் தன் வண்டியில் கோளாறு இருப்பதாக ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். நடுரோட்டில் நின்றுபோனாலும், "ஒண்ணுமில்ல, லேசாக் கரி புடிச்சிருக்கு" என்றுதான் சொல்வார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். அப்பா கணக்கு வாத்தியாராக இருந்த காலம் முழுக்க ஓட்டிய நூறு சிசி வண்டி, அவர் ஓய்வு பெற்ற பிறகு கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நான் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அந்தத் தார்ப்பாயை விலக்கினேன். கையில் ஒரு ஸ்பேனர் செட், போனில் நாலு வீடியோ, மனதில் அளவில்லாத நம்பிக்கை. (நம்பிக்கைக்கு இன்றுவரை குறைச்சல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தமாகத்தான் செய்தேன். கிளட்ச் பிளேட் மாற்றினேன். டேங்க்கில் இருந்த துருவைச் சரளைக் கல் போட்டுக் குலுக்கி எடுத்தேன். கார்புரேட்டரைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்தேன். அதற்கு இட்லிப் பாத்திரத்தை எடுத்ததுதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இனிமே அந்தக் கருமத்தத் தூக்கிக்கிட்டு அடுப்படிப் பக்கம் வந்த, கால ஒடிச்சிருவேன்" என்றாள். ஒரு கலைஞரைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி உயிர் பெற்றது. ஆனால் இழுக்கவில்லை. லேசான மேட்டுக்கே மூச்சு வாங்கும். டவுன் பஸ் என்னைத் தாண்டிப் போகும்போது, படியில் நிற்பவர்கள் எனக்கு டாட்டா காட்டுவார்கள். காரணம் எனக்குத் தெரிந்ததுதான். சைலன்சருக்குள் பேஃபிள் என்று ஒரு ஓட்டைக் குழாய் இருக்கிறது. சத்தத்தை அடக்குவது அதன் வேலை. வருடக் கணக்கில் எண்ணெயும் புகையும் படிந்து அதன் ஓட்டைகள் தார் பூசியது போல அடைத்துக்கொண்டிருந்தன. இதற்கு நாட்டு வைத்தியம் ஒன்று உண்டு. நல்ல தணலில் குழாயைப் போட்டுச் சிவக்க விட்டுத் தட்டினால் கரி பொலபொலவென்று உதிர்ந்துவிடும். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. தணலுக்கு எங்கே போவது?

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கல்யாண உறுதி பேச வந்தார்கள்.

அக்கா ரோஸ்லினும் பழனிக்குப் பக்கத்து நெய்க்காரப்பட்டி அருளும் கல்லூரியில் படிக்கும்போதே ஒருவரை ஒருவர் முடிவு செய்துகொண்டவர்கள். அருளின் அப்பாவும் சித்தப்பாவும் ஏற்கெனவே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். அருளின் அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. தோட்டம், மாடு, வேலையாட்கள் என்று தினமும் பத்து இருபது பேருக்கு உலை வைக்கிற வீடு அது. திண்டுக்கல் டவுன்காரர்களைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. இங்கே எந்த வீட்டிலும் அடுப்பே எரியாது, எல்லோரும் மூன்று வேளையும் கடையில் பிரியாணி வாங்கித் தின்கிறார்கள் என்பது. அவர் கடைச் சோற்றைக் கையால்கூடத் தொடமாட்டாராம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து, சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகு முடிவு சொல்வதாக இறங்கி வந்தார். அதாவது அக்காவின் கல்யாணம் மொத்தமும் ஒரு பாத்திரம் பிரியாணியின் மேல் உட்கார்ந்திருந்தது.

"சோத்துல மட்டும் ஏதாச்சும் கொற வந்துச்சு, நான் கன்னியர் மடத்துக்குத்தான் போகணும்" என்றாள் அக்கா. விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை.

சமையல் பொறுப்பை அம்மாவின் தம்பி விக்டர் மாமா ஏற்றுக்கொண்டார். மாமா மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். ஆனால் உள்ளுக்குள் அவர் ஒரு பிரியாணி மாஸ்டர். பூசை முடிந்து வந்த கையோடு கொல்லையில் செங்கல் அடுப்புக் கூட்டி, சீமைக்கருவேல விறகு வைத்து, சீரகச் சம்பாவை இறக்கினார். தெரு முழுக்க வாசனை. பிறகு மூடி போட்டு, ஓரத்தில் ஈரத் துணி சுற்றி, அடியில் இருந்த தணலை அள்ளி மூடியின் மேல் பரப்பினார். "தம் போட்டாச்சு. அரை மணி நேரத்துக்கு ஒரு பய பக்கத்துல வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் பயல் இல்லையே.

அந்தத் தணலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. சீரான சூடு, புகையே இல்லை. கேஸ் அடுப்பு வீட்டில் இப்படி ஒரு தணல் இனி எப்போது கிடைக்கும்? அக்காவின் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? சைலன்சரின் வாலில் இருக்கும் ஒரே ஒரு ஸ்குரூவைக் கழற்றி, குழாயை உருவி, மூடியின் மேல் தணலுக்கு நடுவில் பாந்தமாகப் படுக்க வைத்தேன். மூடிதான் இறுக மூடியிருக்கிறதே, மேலே நடப்பதற்கும் கீழே நடப்பதற்கும் என்ன சம்பந்தம் என்பது என் வாதம். (எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அம்புட்டுத்தான்.)

குழாய் சூடானதும் கரி உதிரவில்லை. உருகியது. பல வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு கறுப்புப் பாகு போல ஒழுகி, மூடியின் சரிவில் இறங்கி, ஈரத் துணியை நனைத்து, உள்ளே போய்விட்டது. கூடவே ஒரு புகை. நான் உதிரப்போகும் கரிக்காகக் கையில் ஸ்பேனரோடு ஆசையாகக் காத்துக்கொண்டு நின்றேன்.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். மூக்கை உறிஞ்சினார். ஓடி வந்தார்.

"ஏய் சோபி, என்னாடி இது? பிரியாணி மேல என்னமோ குழா படுத்திருக்கு!"

"பேஃபிள் மாமா."

இடுக்கியால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மூடியைத் திறந்தார். இளம்பழுப்பாக, பொடிப் பொடியாக, உதிரி உதிரியாக வெந்திருந்த சோற்றின் மேல் நாலாபக்கமும் கறுப்புக் கோடு. ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தவர் அப்படியே துப்பினார். "அக்கா! பிரியாணி பூராவும் பெட்ரோல் பங்க் மாதிரி இருக்கு!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார்.

வீடே கொல்லையில் கூடியது. பாதித் தலை பின்னியபடி வந்த அக்கா பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏன்டி, நீயெல்லாம் நல்லாருப்பியா?" என்றாள். குரல் உடைந்துபோனது. அதுவரை எனக்கு ஒரு மெக்கானிக்காக மட்டும்தான் வருத்தமாக இருந்தது. அப்போதுதான் தங்கச்சியாகவும் வருத்தம் வந்தது.

அப்பாதான் முடிவு எடுத்தார். "கடையில வாங்கிர வேண்டியதுதான். நம்ம செஞ்சதுன்னே சொல்லுவோம். ஒருத்தரும் வாயத் தொறக்கப்பிடாது." காலையில் பூசையில் நற்கருணை வாங்கிவிட்டு வந்த மனிதர், மதியத்துக்குள் குடும்பத்துக்கே பொய் சொல்லிக்கொடுத்தார்.

ஆப்பில் ஆர்டர் போட்டால் ஒரு மணி நேரம் ஆகும் என்றது. மாமாவின் கார் பெரியப்பாவை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. அக்காவின் ஸ்கூட்டர் பூ வாங்கப் போயிருந்தது. மிச்சம் இருந்தது என் வண்டிதான். பேஃபிள் மாட்ட நேரமில்லை, அது இன்னும் சிவப்பாகவே கிடந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உதைத்தேன். சத்தம் மணிக்கூண்டு வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு நாய் அன்று ஓடியது, சாயங்காலம்தான் திரும்பி வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி என்னமாய் இழுத்தது! குழாயை எடுத்ததும் அம்பு போலப் பறந்தது. எனக்கு டாட்டா காட்டிய அதே டவுன் பஸ்ஸை நான் தாண்டினேன். குடும்பமே சீரழிந்து கிடக்கும்போது சந்தோஷப்படக் கூடாதுதான். பட்டேன்.

கடையில் இருபது பேருக்கான பிரியாணியை அவர்களுடைய அலுமினியப் பாத்திரத்திலேயே தந்தார்கள். கேரியரில் வைத்து, பழைய சைக்கிள் ட்யூபால் இறுகக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்தால் மறுபடி கிளம்புமா என்ற சந்தேகத்தில் அணைக்காமலே நின்றேன். பக்கத்தில் ஒரு வேன், உள்ளே முழுக்கப் பட்டுச் சேலை. ஜன்னலோரம் இருந்த பச்சைப் பட்டு அம்மா காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அதைய கொஞ்சம் நிறுத்தறது! காது அடைக்குது!"

"நிறுத்துனா திரும்பக் கெளம்பாதுங்க!" என்று கத்தினேன்.

"அப்புடி என்ன அவசரம்? பொறத்தால என்னது, அண்டாவா?"

பழனிப் பக்கத்துப் பேச்சு என்று காது சொன்னது. மூளை அன்று லீவில் இருந்தது. யாரோ வழிப்போக்கர், இனி எங்கே பார்க்கப்போகிறோம் என்று, அவ்வளவு சத்தத்துக்கும் மேலே குரலை உயர்த்தி, மொத்தக் கதையையும் கொட்டினேன். பொண்ணு வீட்டுச் சாப்பாடு, பிரியாணி மேல் சைலன்சர், கறுப்பு எண்ணெய், எல்லாம். கேட்டில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு கண்ணு அந்தக் காரியம் பண்ணுனது?"

"பொண்ணோட தங்கச்சிங்க! அவ ஒரு கிறுக்கி!" (மரியாதையைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை.)

"மாப்பிள்ள ஊட்டுக்குத் தெரிஞ்சா?"

"மாமியார்க்காரி பெரிய கறாருங்க! கடைச் சோத்தத் தொடமாட்டாங்களாம்! ஆனா அவங்க நாக்குக்கு இதெல்லாம் எங்கங்க தெரியப்போகுது?"

வேனுக்குள் ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பச்சைப் பட்டு அம்மா மட்டும் சிரிக்கவே இல்லை. "தெரியாது கண்ணு, நீ பயப்படாம போ" என்றார். "போனதீம் உங்கூட்டுப் பாத்திரத்துல மாத்திப்போடு. மேல ரெண்டு கை வெங்காயம் பொரிச்சுத் தூவி உடு. கடைச் சோத்துல அதுதான் கொறையா இருக்கும்." கேட் திறந்தது. நன்றி சொல்லிவிட்டுப் பறந்தேன்.

அந்த யோசனையை வீட்டில் என் சொந்த யோசனையாகச் சொல்லி நல்ல பெயர்கூட வாங்கினேன். முகம் கழுவி, சேலை கட்டி, பன்னீர்ச் செம்போடு வாசலுக்குப் போகவும், மாப்பிள்ளை வீட்டு வேன் ஏனோ சொன்ன நேரத்துக்கு அரை மணி பிந்தி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. முதலில் இறங்கியது பச்சைப் பட்டு.

பன்னீர்ச் செம்பை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மா வாயெல்லாம் பல்லாக, "வாங்க சம்பந்தி. இது எஞ் சின்ன மக சோபியா. பொண்ணோட தங்கச்சி" என்று என்னை முன்னால் தள்ளினாள்.

அருளின் அம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார், ஓரமாக நின்ற என் வண்டியையும் பார்த்தார். "ஓ, தங்கச்சியா?" என்றார். அவ்வளவுதான்.

இலை போட்டார்கள். நான்தான் பரிமாற வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார். அவர் முகத்தைப் பார்க்காமல் பரிமாறியதில் பாதிச் சோறு இலைக்கு வெளியே விழுந்தது. சமையல்கட்டு வாசலில் அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு வாய் எடுத்து, மெதுவாக மென்று, "யாருங்க சமைச்சது?" என்றார்.

"நாங்களேதாங்க. எந் தம்பி வெள்ளன இருந்து அடுப்படியிலயே நின்னான்" என்றாள் அம்மா.

"மசாலா பூராம் நம்ம கைப்பக்குவங்க" என்றார் மாமா. வெட்கமே இல்லாமல் தலையைக் குனிந்து பாராட்டுக்கு வேறு காத்திருந்தார்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார், அக்காவின் வாழ்க்கை என் பேஃபிளோடு போய்விடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஊட்டுச் சோறுன்னா இதுதானுங்க. கடையில இந்த ருசி வருமா? இன்னுங் கொஞ்சம் வெய்யி கண்ணு."

அக்கா கதவுக்குப் பின்னால் போய் அழுதாள். நான் இன்னும் நாலு கரண்டி வைத்தேன், போதும் என்று அவர் சொல்லியும்.

புறப்படும்போது அக்காவின் தலையில் கைவைத்துச் சிலுவை போட்டு, தை மாசத்திலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏங்கண்ணு, அந்த மாமியார்க்காரி கண்டுபுடிச்சாளா?"

"இல்லைங்க அத்தை."

"தெரியாதுன்னு நாந்தான் சொன்னேனே" என்று வேனில் ஏறிவிட்டார்.

விஷயம் வெகுநாள் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருந்தது. அக்கா மகனின் ஞானஸ்நான விருந்தில்தான் வெளியே வந்தது. இலையில் இருந்த பிரியாணியை ருசி பார்த்துவிட்டு, "அன்னிக்கு வாங்குன அதே கடைதானுங்களா?" என்று அத்தை சத்தமாகக் கேட்டார். அம்மாவுக்குப் புரையேறியது. மாமா கைகழுவப் போனவர் திரும்பி வரவே இல்லை. அதிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் எதில் கருகல் வாடை அடித்தாலும், "சோபி வந்துட்டுப் போனாளா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அதற்காக என் கைராசியை யாரும் சந்தேகப்படவில்லை. போன மாதம் அத்தையே போன் செய்தார். தோட்டத்தில் நிற்கும் அவர்களுடைய பழைய வண்டி இழுக்கவில்லையாம். "லேசாக் கரி புடிச்சிருக்கும் அத்தை, நான் வந்து பார்த்துர்றேன்" என்றேன்.

"வா கண்ணு, உன்னையத்தான் நம்பியிருக்கேன்" என்றார். "ஆனா நாங்க அடுப்புப் பத்த வெக்கறதுக்குள்ள பாத்துட்டுக் கெளம்பீரோணும்."