மாமனாரின் இன்ஜினுக்கு நான் வைத்த கிக்கர்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

இறந்துபோன மாமனாரின் இன்ஜினைத் திருத்தியமைக்க முற்படும் மருமகனிடம் அறிவு குறைவாக இருக்கலாம். அல்லது அச்சம் குறைவாக இருக்கலாம். எழுபதுகளின் இறுதியில் என்னிடம் இரண்டுமே குறைவாக இருந்தன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சுரக்குடியில் வாய்க்கால் நீரை இறைப்பதற்கு என் மாமனார் ஒரு சிறிய மண்ணெண்ணெய் இன்ஜின் வைத்திருந்தார். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கிளப்புவதற்குக் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். அவர் ஒருமுறை செருமுவார், ஒருமுறை இழுப்பார், ஓடும். அவர் காலமான பிறகு அது எவருக்கும் ஓடவில்லை. இழுத்துப் பார்த்த மைத்துனன் செல்வத்துக்கு மணிக்கட்டு பிசகியதே மிச்சம். நாற்றங்காலோ வெடிப்புவிடத் தொடங்கியிருந்தது. அது கருகினால் அவ்வாண்டு அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, நடவே இல்லை.

ஆகவே காரைக்கால் பழைய இரும்புக் கடையில் மோட்டார் சைக்கிள் கிக்கர் ஒன்றை வாங்கி, அதனை இன்ஜினில் பொருத்தினேன். (இயந்திரவியலை நான் நூலகத்தில் நின்றுகொண்டே கற்றவன்.) வேலை முடிந்தபோது ஒரு பல்வைத்த வளையமும் ஒரு சுருள்வில்லும் மிஞ்சின. சிக்கனமாக முடித்துவிட்டோம் என்னும் பெருமையுடன் அவற்றைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டேன். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் கிக்கரை அதிலிருந்து விடுவிப்பவை அவைதாம் என்பது பின்னரே விளங்கியது.

முற்பகல் முழுவதும் உதைத்தேன். இன்ஜின் இசையவில்லை.

"எங்கப்பா அதத் தொட்டுக் கும்புட்டுட்டுதான் அத்தான் இழுப்பாரு. நீங்க காலால ஒதைக்கிறீங்க," என்றான் செல்வம்.

"இது விஞ்ஞானம்டா."

"விஞ்ஞானத்துக்கு வேர்த்து ஊத்துது. சாப்புட வாங்க."

உச்சிவேளை. வயலை ஒட்டிய வீட்டில் இலைமுன் அமர்ந்தோம். காற்றில்லை, காகமும் கத்தவில்லை. அப்போது வாய்க்கால் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது. அத்தையின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அடுத்த கணம் இன்ஜின் ஓடத் தொடங்கியது.

ஓடினோம். அங்கு ஒருவரும் இல்லை. கிக்கர் மட்டும், கண்ணுக்குப் புலப்படாத கால் ஒன்று விடாமல் மிதிப்பதுபோல், சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அணைக்கும் பொருட்டுக் குனிந்தேன். கிக்கர் என் வேட்டியைப் பற்றி, உருவி, தன்மேல் சுற்றிக்கொண்டு வெண்ணிறமாய்ச் சுழன்றது. (மாமனாரும் வெள்ளை வேட்டிதான் கட்டுவார்.) நான் வாய்க்காலுக்குள் பாய்ந்து கழுத்துவரை அமிழ்ந்துகொண்டேன். (பட்டாபட்டிதான், ஒளிப்பானேன்?)

நெருங்க எவருக்கும் துணிவில்லை. நீர் நாற்றங்காலின் கடைசி மூலையை எட்டும்வரை அது ஓடிற்று. பின்பு அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னே சென்று, இன்ஜினைப் பார்த்துச் சொன்னார்:

"தண்ணி பாஞ்சிடுச்சுங்க. நிறுத்துங்க. மாப்ள மானம் போவுது."

நின்றது.

பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்பது என் கருத்து. கிக்கருக்கு மேலே பூவரசங்கிளை தாழ்ந்திருந்தது. கீழே ஆட்டுக் குளம்பின் தடம் இருந்தது. தழைக்கு எம்பிய ஆடு மிதித்திருக்க வேண்டும். அம்பகரத்தூர் அம்மனுக்கு அத்தை நேர்ந்துவிட்ட கிடாவைச் சந்தேகித்து, அது செருமுகிறதா என்று மாலைவரை அதனருகே அமர்ந்திருந்தேன். அது செருமவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வளையத்தையும் வில்லையும் பொருத்தினேன். எவரும் பாராத வேளையில், மெல்லச் செருமிவிட்டு உதைத்தேன். முதல் உதையிலேயே ஓடிற்று.

இன்றும் சுரக்குடியில் எந்த விசேஷத்துக்குச் சென்றாலும் செல்வம் பந்தியில் உரக்கக் கேட்பான்: "அத்தான், வேட்டிய இறுக்கிக் கட்டியிருக்கீங்கள்ல? அப்பா பக்கத்துலதான் நிக்கிறாரு." எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆயினும், எங்கேனும் யாரேனும் செருமினால் என் கை தானாக இடுப்புக்குச் சென்றுவிடுகிறது.

இவ்விவரத்தைத் தயவுகூர்ந்து தங்கள் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கவும்.