கண்ணாடிக்காரர் செயலில் இறங்கினார்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கண்ணாடிக்காரர் தன் காதில் மாட்டியிருந்த இயர்போன் ஒயரைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். கையிலிருந்த கத்தியையும் வைத்தார். பாதி நறுக்கிய பீன்ஸைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னியோட படிப்பு முடிஞ்சுது. இனிமே செயல்தான்."

எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்மணி தலையைத் தூக்கினார். முகத்தில் உண்மையான கவலை.

"ஏங்க, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பதினஞ்சாவது கோர்ஸ் பாதியிலதானே இருக்கு?"

"பாதியிலயே விட்டாச்சு."

"பீன்ஸும் பாதியிலதான் இருக்கு" என்றார் அம்மணி, மெல்லிய குரலில்.

தன் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது இவள் பீன்ஸைப் பற்றிப் பேசுகிறாளே என்று கண்ணாடிக்காரருக்குச் சற்று வருத்தமாக இருந்தது. பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்.

அவருக்குக் கடைத்தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பின்பக்க மேஜையில் உட்கார்ந்து, எறும்புத் தலை அளவு திருகாணிகளை முறுக்குவார். பிரேமின் காலைச் சூடு காட்டி வளைத்து, வாடிக்கையாளர் காதுக்குப் பின்னால் பதமாக உட்காரவைப்பார். இருபது வருடத்தில் எத்தனையோ ஆயிரம் காதுகளைப் பார்த்துவிட்டார். ஒரு காதைப் பார்த்தால் அது சொன்ன பேச்சைக் கேட்கும் காதா, கேட்காத காதா என்று சொல்லிவிடுவார். தன் காதை மட்டும் அவர் பார்த்ததில்லை. யாரால்தான் முடியும்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள். பஸ்ஸில் விட்டவர்கள், பாத்ரூமில் விட்டவர்கள், நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டே தேடுகிறவர்கள். இவர்களுக்கெல்லாம் கழுத்தில் மாட்டும் கண்ணாடிக் கயிறு ஒன்றை இணையத்தில் விற்றால் என்ன என்று இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குத் தோன்றியது. நல்ல யோசனைதான். அன்றைக்கே ஒரு டஜன் கயிறு வாங்கிவைத்தார். கரும்பச்சை நூல், இரண்டு முனையிலும் ரப்பர் வளையம். அத்தோடு நிறுத்தியிருந்தால் அன்றே வியாபாரி ஆகியிருப்பார். ஆனால் எதையும் முறையாகச் செய்யவேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, முதல் கோர்ஸில் சேர்ந்தார்.

கடைக்குப் பெயர் வைப்பது எப்படி என்று படித்தார். பெயருக்கு நிறம் எது என்று படித்தார். கேமராவைப் பார்த்துச் சிரிப்பது எப்படி, சிரிக்காமல் நம்பிக்கை ஊட்டுவது எப்படி என்று தனித்தனியாகப் படித்தார். ஆர்டர் குவிந்தால் பதறாமல் இருப்பதற்கு ஒரு கோர்ஸ், ஊழியர்களை அன்போடு கண்டிப்பதற்கு ஒரு கோர்ஸ். கம்பெனி ரொம்பப் பெரிதாகிவிட்டால் அதைக் கைமாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பதற்குக்கூட ஒன்று படித்து முடித்தார். செயலில் இறங்கு என்று எந்த ஆசிரியராவது சொன்னால், உடனே ஒரு செயலியை இறக்குவார். தொழில்முனைவோர் என்று சொன்னார்களே தவிர, தொழிலின் முனையிலேயே நின்றுவிடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. டஜன் கயிறும் பீரோவில் பன்னிரண்டாகவே இருந்தன. "உன் வீட்டுக்காரர் கயிறு விக்கிறாரா, கயிறு திரிக்கிறாரா?" என்று அம்மணியின் அண்ணன் ஒருமுறை கேட்டார். "படிக்கிறார். தொந்தரவு பண்ணாதீங்க" என்று அம்மணி வாயை அடைத்துவிட்டார். அன்று கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைக்கும்.

அம்மணி பஸ் டிப்போவில் டியூட்டிப் பட்டியல் போடுகிறவர். நாற்பத்திரண்டு டிரைவர்கள். அத்தனை பேரும் தனக்குத்தான் நல்ல ரூட் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுக்கும்படி பட்டியல் போடுவது லேசுப்பட்ட காரியமல்ல. பத்தொன்பது வருடமாகப் போடுகிறார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

முதல் கோர்ஸின் இரண்டாவது பாடத்தில் கண்ணாடிக்காரர் சோபாவிலேயே தூங்கிப்போனபோது, அம்மணிதான் வழி சொன்னார். "கையைச் சும்மா வெச்சுக்கிட்டுக் கேட்டா மண்டையில ஏறாதுங்க. லேசா ஏதாவது செஞ்சுக்கிட்டே கேட்டுப் பாருங்க." கையில் பட்டாணித் தட்டைக் கொடுத்தார். அதிசயமாக இருந்தது. பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டதும் பாடம் கடகடவென்று ஏறியது. மூன்றாவது கோர்ஸுக்குள் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார். ஆறாவதற்குள் துணி துவைத்து, காயப்போட்டு, இஸ்திரி போட்டார். விலை வைக்கும் சூட்சுமங்கள் முழுவதையும் சட்டைக் காலர்கள் மேலேயே கற்றார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாத்திரம் என்று போய், கடைசியில் அவரே முழுநேரப் பாத்திரமாகிவிட்டார். இதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வீடு ஏனோ இப்போதெல்லாம் தானாகவே சுத்தமாக இருக்கிறது என்று ஒருமுறை நினைத்ததோடு சரி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவரை உலுக்கியது ஓர் ஓய்வுபெற்ற டீச்சர். சனிக்கிழமை கடைக்கு வந்தார். இரண்டு வருடத்தில் மூன்றாவது முறையாகக் கண்ணாடியைத் தொலைத்திருந்தார்.

"கழுத்துல மாட்டுற கயிறு வரப்போகுதுன்னு சொன்னீங்களே தம்பி, வந்துடுச்சா?"

"சீக்கிரம் வந்துடும் டீச்சர்."

"போன தடவையும் அதான் சொன்னீங்க. பரவாயில்ல. நான் ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன்" என்று டீச்சர் பையைத் திறந்து காட்டினார். பழைய ஷூ லேஸ்.

கண்ணாடிக்காரர் அந்த ஷூ லேஸைப் புதுக் கண்ணாடியில் தன் கையாலேயே கட்டிக்கொடுத்தார். அவர் வீட்டு பீரோவில் பன்னிரண்டு கயிறு தூங்குகிறது. அன்றுதான் தன்னைத் தானே கேட்டுக்கொண்டார், ஏன் என்று. பதில் உடனே கிடைத்தது; இரண்டு வருடமாக அது பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தது. கயிற்றைக் கடையில் போட்டால் ஒருவரும் வாங்காமல் போகலாம். படித்துக்கொண்டே இருந்தால் அப்படி ஆக வழியே இல்லை. பரீட்சை எழுதாத மாணவனை யார் பெயிலாக்க முடியும்.

ஆகவேதான் ஞாயிற்றுக்கிழமை சபதம்.

சபதம் வேலை செய்தது. திங்களன்று ஒரு கயிற்றை ஜன்னல் விளிம்பில் வைத்துப் போட்டோ எடுத்தார். போட்டோ எடுப்பது பற்றி ஒன்பது மணி நேரம் படித்தவருக்கு, எடுக்க நாலு நிமிடம் ஆனது. செவ்வாயன்று அதை இணையத்தில் ஏற்றினார். வீட்டில் மட்டும் என்னவோ சரியில்லை. தொட்டியில் பாத்திரம் மலையாகிவிட்டது. புதனன்று சுருங்கிய சட்டையோடு கடைக்குப் போனார். "என்னம்மா, வீடு ஏன் இப்படிக் கிடக்கு?" என்று கேட்டார். "தெரியலைங்க. நானும் அதான் யோசிக்கிறேன்" என்றார் அம்மணி.

புதன் சாயங்காலம் முதல் ஆர்டர் வந்தது. அதே டீச்சர். கண்ணாடிக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

"வித்துடுச்சு. ஒண்ணு வித்துடுச்சு."

"அடேயப்பா. கெட்டிக்காரர்தான் நீங்க" என்றார் அம்மணி. மனசார மகிழ்ந்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் கையில் காபி ஊற்றிய கண்ணாடி டம்ளரைக் கொடுத்தார். வீட்டில் கழுவி மிச்சமிருந்த கடைசி டம்ளர் அது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பார்சல் எப்படிக் கட்டப்போறீங்க?"

"கவர்ல போட்டு அனுப்ப வேண்டியதுதான்."

"சரிதான். வழியில கசங்கினா?"

"கயிறுதானே. என்ன கசங்கும்?"

"கயிறு கசங்காது. கவர் கசங்கும்ல. டீச்சர் பார்த்தவுடனே என்ன நினைப்பாங்க? முதல் அபிப்பிராயம் முக்கியம்னு நீங்கதானே சொன்னீங்க, ஏதோ ஒரு கோர்ஸ்ல வந்துதுன்னு."

"நாலாவது கோர்ஸ்."

"ஆங். அப்புறம், பிடிக்கலைன்னு திருப்பி அனுப்பினா?"

கண்ணாடிக்காரர் டம்ளரை வைத்தார். "திருப்பி அனுப்புவாங்களா?"

"மாட்டாங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அனுப்பினா என்ன எழுதணும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியாது. பதினான்கரை கோர்ஸில் அது மட்டும் இல்லை. தொட்டியில் குழாய் சொட்டியது.

"அதுக்குன்னு தனியா ஒரு கோர்ஸ் இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர் மெதுவாக. "பார்சல் கட்டுறதுல இருந்து புகாருக்குப் பதில் எழுதுற வரைக்கும்."

"வேண்டாங்க. சபதம் போட்டிருக்கீங்க. மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்."

"இது படிப்பு இல்லம்மா. செயலுக்கு நடுவுல ஒரு தயாரிப்பு."

"நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

"நீ வியாபாரம் பண்ணியிருந்தா இப்படிப் பேசமாட்ட."

"என்னமோ போங்க. நான் சொன்னா எப்பக் கேட்டிருக்கீங்க" என்று அம்மணி பெருமூச்சு விட்டார். "எத்தனை மணி நேரம் அது?"

"முப்பத்தாறு."

அம்மணியின் பார்வை சமையலறையைச் சுற்றி வந்து, மெதுவாகப் பரண் மேல் போய் நின்றது. "முப்பத்தாறா" என்றார். "சரி. உங்க இஷ்டம்." எழுந்து, மேஜை மேலிருந்த ஒயரை எடுத்துச் சிக்கெடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மொட்டை மாடி. கண்ணாடிக்காரர் காதில் ஆறாவது பாடத்தோடு போர்வையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தன் மாடியில் தலையணை உறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதிலும் ஒயர். இணையத்தில் பூந்தொட்டி விற்பதற்காக அவரும் ஒன்றரை வருடமாகப் படிக்கிறார். இரண்டு மாணவர்களும் கைப்பிடிச் சுவருக்கு வந்து, ஆளுக்கு ஒரு காதைத் திறந்தார்கள்.

"சார் எந்தப் பாடத்துல இருக்கீங்க?"

"பார்சல் கட்டுறது. ஆறாவது. நீங்க?"

"அதே கோர்ஸ்தான் சார். நேத்து சேர்ந்தேன். உங்க வீட்டம்மா எங்க வீட்டம்மாகிட்ட ரொம்ப உயர்வாச் சொன்னாங்களாம்."

கண்ணாடிக்காரருக்குப் பெருமையாக இருந்தது. "அப்படியா? என்ன சொன்னாங்க?"

"நல்ல நீளமான கோர்ஸாம். எட்டு ஜன்னல், நாலு ஃபேன், அப்புறம் பரண். அத்தனையும் முடியுற அளவுக்கு வருமாம்." சொல்லி முடித்த எலக்ட்ரீஷியன் யோசித்தார். "ஆமா சார், பார்சலுக்கும் பரணுக்கும் என்ன சம்பந்தம்?"

கண்ணாடிக்காரர் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்தது. கண்முன்னால் பட்டாணி வந்தது. பாத்திரங்கள் வந்தன. நூற்றுக்கணக்கான சட்டைக் காலர்கள் வரிசையாக வந்து வணக்கம் வைத்தன.

"எனக்கு ஒண்ணும் புரியலை சார்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"புரியாம இருக்கிற வரைக்கும் நிம்மதி. உறையைப் போடுங்க."

அவர் படியிறங்கிய வேகத்தில் ஒயர் காதிலிருந்து கழன்று முதுகில் ஆடியது. அம்மணி சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்த வாரத்து டியூட்டிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் எதிரே போய் நின்றார். பேசவேண்டியது நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் கையைச் சும்மா வைத்துக்கொண்டு பேச வரவில்லை. இரண்டு வருடப் பழக்கம். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். பேச்சு வந்தது.

"எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"ரெண்டு வருஷமா என் காதுல பூச் சுத்தியிருக்கே."

"பூ இல்லைங்க. ஒயர்."

"நீ சிரிக்காதே. நான் முன்னுக்கு வரணும்னு நீ நினைக்கவே இல்லை. இந்தக் குழாய்க்கு முன்னால வரணும்னுதான் நினைச்சிருக்கே." தட்டு ஒன்றைப் பரபரவென்று தேய்த்து அலசிக் கவிழ்த்தார். "அந்த டீச்சர் நாலு நாளாக் கயிறு இல்லாம காத்துக்கிட்டு இருக்காங்க. உன்னாலதான்."

"டீச்சர் வியாழக்கிழமையே கயிறை மாட்டிக்கிட்டாங்க."

கண்ணாடிக்காரரின் கை ஒரு நொடி நின்றது. "எப்படி?"

"அவங்க தெரு வழியாப் போற பஸ் டிரைவர்கிட்டக் கொடுத்துவிட்டேன். அவங்க அக்காவுக்கும் தங்கச்சிக்கும் வேணும்னாங்க. அதையும் அனுப்பியாச்சு."

"எதுல வெச்சு அனுப்பினே?"

"பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்ல."

கவர் என்று கேட்டதும் அவர் ஈரக் கையை உதறிவிட்டுத் திரும்பினார். ஆறு பாடத்திலும் கூடவே கூடாது என்று சொன்னது அதைத்தான். "கசங்கலையா?"

"யாரும் கேக்கலைங்க."

கண்ணாடிக்காரர் வாணலியை எடுத்தார். அடிப்பிடித்த வாணலி. அதை இந்தப் பக்கம் தேய்த்தார், அந்தப் பக்கம் தேய்த்தார். கைப்பிடியைத் தேய்த்தார். "முடிவாச் சொல்லிடுறேன். இன்னியோட நான் காதுல எதையும் மாட்டப்போறதில்லை. ஒரு பாடமும் கேக்கப்போறதில்லை. யாரு சொன்னாலும் சரி."

"நல்ல முடிவுங்க" என்றார் அம்மணி. பட்டியலிலிருந்து கண்ணை எடுத்து வாணலியைப் பார்த்தார். அதன் அடியில் தன் முகமே தெரிந்தது. "பாடத்தைவிடக் கோபத்துல நல்லாத் தேயுது. அந்தக் குக்கரையும் எடுத்துக்கோங்க."