ட்ரோகிலன்கள் நான்கு பேர் தேவை

டுனாரா,
மேயோ மாவட்டம்.
அக்டோபர் 9.

வரலாற்று இதழின் பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. யூஸ்டஸ் பெர்மிங்ஹம் அவர்களுக்கு,

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும், இதழை அச்சடித்துத் தபாலில் சேர்க்கும் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மழையிலும் மூட்டு வலியிலும் சிக்காமல் தாங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். என் நலத்தைப் பற்றித் தாங்கள் விசாரிக்க வேண்டியதில்லை. தங்கள் கோடை இதழ், பக்கம் நாற்பத்தொன்றின்படி நான் உலகத்தில் இல்லை.

அந்தப் பக்கத்தில் "அரிய குடும்பப் பெயர்கள்: தோற்றமும் பரவலும்" என்ற வரிசையில் ட்ரோகிலன் என்ற பெயருக்கு அரைப் பக்கமும் ஒரு வரைபடமும் ஒதுக்கியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் மொன்டானாவில் ப்யூட் என்னும் செம்புச் சுரங்க ஊரில் நான்கு புள்ளிகள், நியூசிலாந்தில் இரண்டு, லிவர்பூலில் ஒன்று. அயர்லாந்து முழுவதற்கும் ஒரே ஒரு புள்ளி, அதுவும் எங்களுக்கு நேர் எதிர் மூலையில், வெக்ஸ்ஃபர்டில், 1911இல் இருந்த ஒரு கலங்கரை விளக்கக் காவலாளி. கீழே, "சொந்த மண்ணில் இப்பெயர் அற்றுப்போய்விட்டதாகவே கொள்ள வேண்டும்" என்று ஒரு வாக்கியம். ஐயா, நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். எழுபத்தொரு வயது. அற்றுப்போனவன் எழுதும் முதல் கடிதம் இது என்பதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் இதழ் என் கண்ணில் எப்படிப் பட்டது என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், டீலியாவின் மதுக்கடையில் நாங்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். ஆட்டுச் சந்தை முடிந்த நேரம். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி நனைந்துகொண்டே உள்ளே வந்தாள். கையில் தங்கள் இதழ். அமெரிக்கப் பேச்சு. "இந்த ஊருல ட்ரோகிலன்னு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் ட்ரோகிலன்கள். ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த டீலியாவும் பிறந்த வீட்டு வகையில் ட்ரோகிலன். "அப்படி யாரும் இங்க இல்லையேம்மா," என்றான் ஃபெஸ்டி. "கேள்விப்பட்டதே இல்ல," என்றான் செம்பட்டை ஷேமஸ். நானும் சும்மா இருந்திருக்கலாம். "எங்க அப்பா காலத்துல ஒருத்தர் இருந்தாராம், செத்துட்டாரு," என்று இல்லாத ஒருவரைச் சாகடித்தேன்.

தாங்கள் படித்தவர், கோபித்துக்கொள்வீர்கள். ஆனால் எங்கள் நிலையையும் பார்க்க வேண்டும். டுனாராவில் எல்லாருமே ட்ரோகிலன் என்பதால் அந்தப் பெயரால் யாருக்கும் பைசாப் பிரயோஜனம் இல்லை. பதினாலு டாம் ட்ரோகிலன்கள் இருக்கும் ஊரில் டாம் ட்ரோகிலனுக்கு என்று ஒரு செய்தி வந்தால் எந்த டாமிடம் கொடுப்பது? அதனால் கிணத்தடி டாம், பாட்சி மகன் டாம், பாட்சி மகன் ஃபெஸ்டி மகன் டாம் என்றுதான் புழங்குகிறோம். என்னை நோரா பேரன் பார்த்லி என்பார்கள். மற்ற வீடுகளுக்கெல்லாம் இடத்தின் பெயர் அல்லது ஆண்பிள்ளை பெயர், எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் பாட்டி பெயர் என்று நான் யோசித்ததில்லை. கெட்டிக்காரப் பெண்மணி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ட்ரோகிலன் என்ற பெயரை நாங்கள் எடுப்பது ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் கல்லறைக் கல்லிலும் மட்டும்தான். ஆகையால் வெளியாள் ஒருவர் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், சம்மன் கொண்டுவந்திருக்கிறார் அல்லது தொலைக்காட்சி உரிமம் பார்க்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். வரி வசூல்காரராகவும் இருக்கலாம். அப்போது ஊரே ஒரே குரலில் இல்லை என்று சொல்லும். இது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி, யோசித்துச் செய்வதில்லை.

தாங்கள் ஆதாரமாகக் கொண்ட 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாங்கள் இல்லாமல் போனதும் இதனால்தான். அந்த வருடம் எழுத வந்த போலீஸ்காரர் வெளியூர்க்காரர். எங்கள் ஆட்களுக்கு அப்போது எழுத்து தெரியாது. "பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறார், "கிணத்தடி மேரி" என்று சொல்லியிருக்கிறார்கள், அவரும் கிணத்தடி என்பதையே குடும்பப் பெயர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஊர் முழுக்க அப்படி. ட்ரோகிலன் என்று அயர்லாந்தில் ஒரே ஒருவன்தான் எழுதினான், எங்கள் ஊரை விட்டு வெக்ஸ்ஃபர்டுக்கு வேலைக்குப் போன அந்தக் கலங்கரை விளக்கக்காரன். அங்கே வேறு ட்ரோகிலன் இல்லாததால் அவனுக்குப் பெயர் தேவைப்பட்டது. பின்னாளில் தொலைபேசி வந்தபோதும் புத்தகத்தில் வீட்டு அடையாளத்தைத்தான் கொடுத்தோம். ஆக, உலகத்திலேயே ட்ரோகிலன்கள் அதிகம் உள்ள இடம் தங்கள் வரைபடத்தில் வெறும் வெள்ளையாகக் கிடக்கிறது. இதில் தங்கள் தப்பு ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்மணி நன்றி சொல்லிவிட்டு வெளியே போனாள். சம்மன் கொண்டுவந்தவர்கள் நன்றி சொல்லிப் பார்த்ததில்லை, எனக்கு என்னவோ போல் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காருக்குள் உட்கார்ந்து, மடியில் ஒரு ரொட்டி அளவுப் பெட்டியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

அவள் பெயர் லொரெய்ன். ப்யூட்டிலிருந்து வருகிறாள். பெட்டிக்குள் அவளுடைய அப்பா எம்மெட், எண்பத்தெட்டு வயதில் காலமானவர், சாம்பலாக. அவருக்கு ஒரே ஒரு ஆசையாம். பிணத்தை முதலில் தூக்கும் நான்கு பேரும் செத்தவரின் பெயர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்ற நம் பக்கத்து வழக்கம் தங்களுக்குத் தெரியும். "எங்க தாத்தா ப்யூட்ல செத்தப்போ நாலு ட்ரோகிலன் கிடைக்கல. எங்க அப்பாவும் சித்தப்பாவும் ரெண்டு பேரு. மத்த ரெண்டு தோளு பக்கத்து வீட்டு இங்கிலாந்துக்காரங்க, கார்ன்வால் ஆளுங்க. அத எங்க அப்பா சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாரு. எனக்காவது நாலு பேரத் தேடுன்னாரு. உங்க நாட்டு இதழ்ல வரைபடமே போட்டு வெச்சிருக்காங்களேன்னு நம்பி வந்தேன்," என்றாள். தங்கள் புள்ளியைப் பிடித்துக்கொண்டு நேரே வெக்ஸ்ஃபர்டுக்குப் போயிருக்கிறாள். ஆறு நாள் அலைந்திருக்கிறாள், ஒரு ட்ரோகிலன் இல்லை. கடைசியில் விடுதி நடத்தும் அம்மாள் ஒருத்தி, இளவயதில் எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், சொல்லியிருக்கிறாள்: "எண்பத்தாறுல ஒரு கல்யாணத்துல கெட்டுப்போன சால்மன் மீனத் தின்னுட்டு ஒரே வார்டுல பதினோரு பேரு கிடந்தாங்க. பதினோரு பேருக்கும் இதே பேருதான். டுனாராவோ என்னமோ ஊரு." ஐயா, அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருவன். அந்த மீனைப் பரிமாறியவனை முப்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன், அன்றைக்கு மன்னித்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவளுக்கு விமானம். நாளைக்குக் கடலில் கரைத்துவிட்டுப் போகிறேன் என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. உள்ளே போய், "அவ வரி ஆபீஸ் இல்லடா. செத்தவரைக் கொண்டாந்திருக்கா. தூக்க நாலு ட்ரோகிலன் வேணுமாம்," என்றேன். செம்பட்டை ஷேமஸ் எழுந்து தொப்பியைக் கழற்றினான். ஃபெஸ்டி எழுந்தான். பிறகு எல்லாரும் எழுந்தார்கள், நிற்க முடியாத கிணத்தடி டாம் அண்ணன்கூட மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒவ்வொருவராக அவளிடம் போய்க் கைகுலுக்கி, "உங்க துக்கத்துக்கு வருத்தப்படுறேம்மா, நான் ட்ரோகிலன்," "நானும் ட்ரோகிலன்தான்" என்று சொன்னார்கள். கோர்ட்டுக்கு வெளியே அந்தப் பெயர் இத்தனை முறை சொல்லப்பட்டு நான் கேட்டதே இல்லை. பக்கத்து ஊர்களைத் தாண்டி வண்டி ஓட்டாதவன் நான். என் பெயர் எனக்குச் சொல்லாமல் உலகம் சுற்றிவிட்டு, பூமிக்கடியில் செம்பு வெட்டிவிட்டு, ஒரு பெட்டிக்குள் திரும்பி வந்து எங்கள் கதவைத் தட்டியிருக்கிறது. நாங்கள் ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறோம்.

வியாழக்கிழமை அடக்கம் என்று முடிவாயிற்று. செத்தவரின் பெயர்க்காரனே குழி தோண்டக் கூடாது என்பதும் வழக்கம் ஆயிற்றே, அதனால் எங்கள் ஊரில் யார் செத்தாலும் குழிக்குப் பக்கத்து ஊர் பிரென்னன்களைத்தான் கூப்பிடுவோம். பிரென்னன்களுக்கு நாட்டில் பஞ்சமா என்ன. மண்வெட்டி பிடிக்கக் கடவுள் அவர்களை ஏராளமாகப் படைத்திருக்கிறார்.

தூக்குவதில்தான் சிக்கல். ரொட்டி அளவுப் பெட்டியை நான்கு பேர் தோளில் எப்படித் தூக்குவது? "ஒருத்தன் கையில கொண்டு போயிரலாமே," என்றார் பாதிரியார். "சாமி, பார்சல் கொடுக்கவா போறோம்?" என்றாள் டீலியா. கடைசியில் ஃபெஸ்டி தன் படகிலிருந்து இரண்டு துடுப்பைக் கொண்டுவந்தான். முன்னே இரண்டு பேர், பின்னே இரண்டு பேர், தோளில் துடுப்புகள், நடுவில் கயிற்றால் கட்டிய பெட்டி. யார் அந்த முதல் நான்கு பேர் என்பதில் பெரிய வாக்குவாதம், அண்ணன் தம்பி பேச்சு நின்று போகும் அளவுக்கு. கண்டுபிடித்தவன் என்ற முறையில் முன்பக்க இடது தோள் எனக்குக் கிடைத்தது. என்னைவிட ஓரடி உயரமான ஃபெஸ்டி வலது. அதனால் எம்மெட் சரிந்து சரிந்து என் காதோடு வந்து உட்கார்ந்துகொண்டார். "பரவாயில்ல, எங்க அப்பா உயிரோட இருந்தப்பவும் ஒரு பக்கமா சாஞ்சுதான் நடப்பாரு," என்றாள் பின்னால் வந்த லொரெய்ன்.

அரை மைல் ஏற்றம், மழை. ஒவ்வொரு தந்திக் கம்பத்திலும் நான்கு பேர் மாறினோம். அப்போதுதான் எண்ணினேன், தூக்க வந்த ஆண்கள் மட்டும் இருபத்தாறு ட்ரோகிலன்கள். கல்லறைச் சுவருக்குள் நுழைந்ததும் லொரெய்ன் நின்றுவிட்டாள். திரும்பிய பக்கமெல்லாம் கல்லில் அவள் பெயர். "இத்தன பேரா," என்று மட்டும் கேட்டாள். எனக்கும் அன்றைக்குத்தான் கண் திறந்த மாதிரி இருந்தது ஐயா. பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டி எல்லாரையும் பெயர் எழுதச் சொன்னாள். பாட்சி மகன் டாம் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன எழுத வேண்டும் என்று என்னைக் கேட்டான்.

பெயரின் தோற்றத்துக்கு வருகிறேன். ஒரு பழைய துறவியின் பணியாள் வழி வந்தது என்று தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஸ்பானியக் கப்பல் உடைந்து கரை ஏறியவர்கள் என்பது எங்கள் கட்சி. உண்மையைச் சொன்னால் எங்கள் ஊரில் எதற்கு விளக்கம் கிடைக்காவிட்டாலும் ஸ்பானியக் கப்பல்தான், எங்கள் கழுதைகள் உட்பட. அதைத் தங்கள் விருப்பத்துக்கே விடுகிறேன். ஆனால் "அற்றுப்போய்விட்டது" என்ற சொல்லை அடுத்த இதழிலேயே எடுத்துவிட்டு, டுனாராவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பெரிய புள்ளி. நியூசிலாந்திலும் லிவர்பூலிலும் இருப்பவர்களுக்கும் வயதாகிறது, நாளை அவர்களின் பிள்ளைகளும் பெட்டியோடு வெக்ஸ்ஃபர்டில் போய் அலையக் கூடாது. பரம்பரை பரம்பரையாக ஒரு கலப்பும் இல்லாத ட்ரோகிலன் என்ற உரிமையில் கேட்கிறேன். அத்தாட்சிக்கு 1911 கணக்கெடுப்பில் எங்கள் வீட்டுப் பக்கத்தைப் பிரதி எடுத்துத் தரத் தம்பி மகள் க்ரோன்யாவிடம் சொல்லியிருக்கிறேன், இத்துடன் இணைத்துவிடுகிறேன்.

தங்கள் பேனா காயாமலும் தங்கள் கூரை ஒழுகாமலும் இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு என் அன்பும்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும்
பார்த்லி ட்ரோகிலன்

பின்குறிப்பு: க்ரோன்யா பிரதியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பெரியப்பா, உக்காந்து படிங்க," என்றாள். எங்கள் வீடு ஏழாம் எண். குடும்பத் தலைவர் கைநாட்டு. மகள் நோரா, வயது பத்தொன்பது. கடைசி வரியில் வேலையாள் ஒருவர், மார்ட்டின், வயது இருபத்திரண்டு, பிறந்தது ரோஸ்காமன் மாவட்டம், எழுதப் படிக்கத் தெரியும். எழுதத் தெரிந்ததால் தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறார். ஊர் முழுதும் எழுதிய தாள்களில் ஒழுங்கான குடும்பப் பெயர் அது ஒன்றுதான். மார்ட்டின் பிரென்னன். அவர் என் தாத்தா. நோராவைக் கட்டிக்கொண்டு வீட்டோடு தங்கிவிட்டார், எப்போது ட்ரோகிலன் ஆனார் என்பதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் இங்கே யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. முறைப்படி அன்றைக்கு நான் மண்வெட்டி பிடித்திருக்க வேண்டியவன்.

டீலியா கடையில் போய்ச் சொன்னேன். "இத்தன வருஷத்துல உன்ன ட்ரோகிலன்னு நாங்க எப்பவாவது கூப்பிட்டிருக்கோமா? இப்ப உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்றான் ஃபெஸ்டி. அது போதவில்லை. மூன்று நாள் சாப்பாடு இறங்காமல், ப்யூட்டுக்குத் தொலைபேசி போட்டு, உங்கள் அப்பாவுக்கும் மூன்று பேர்தான் அமைந்தார்கள், நான்காவது நான், மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். லொரெய்ன், "அண்ணே, பெட்டி உங்க பக்கம் சாஞ்சுதே, அப்போ தோளை எடுத்தீங்களா?" என்றாள்.

"இல்லம்மா," என்றேன்.

"அப்ப நாலு பேருதான்," என்றாள்.

ஆகவே ஐயா, புள்ளியை வைத்துவிடுங்கள், எண்ணிக்கை எழுத வேண்டாம். பதில் எழுதினால் உறையின் மேல் நோரா பேரன் பார்த்லி, டுனாரா என்று மட்டும் போடுங்கள். வந்து சேரும்.