ஏணியின் ஆட்டம் குறித்த ஆறு கூட்டங்கள்

உலகில் வேலை செய்கிற அலுவலகங்கள் ஆயிரம் உண்டு. சிந்திக்கிற அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். அது சொல்லாக்கத் துறை. ஓர் ஆங்கிலச் சொல் அதன் வாசற்படியை மிதித்துவிட்டால் போதும், தாய் தகப்பன் யார், சொந்த ஊர் எது, எந்த வழியாக வந்தது என்று துருவித் துருவி விசாரித்துவிட்டுத்தான் உட்கார வைப்பார்கள். வாசலில் நிற்கும் மனிதர்களை அங்கே யாரும் அப்படி விசாரித்ததில்லை என்பது வேறு விஷயம்.

இந்த மாபெரும் நிறுவனத்தின் பதிவறையைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் 'ரெக்கார்டு அக்கா' என்பார்கள். வயது ஐம்பத்து நான்கு. அகராதிகளும் கோப்புகளும் கூரைவரை அடுக்கியிருந்ததால் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அலுமினிய ஏணியில் ஏறி இறங்குவாள். அந்த ஏணியின் ஒரு காலில் ரப்பர் கழன்று போய்விட்டது, ஏறினால் ஆடும். அவளுடைய இடது முழங்கால் ஏற்கெனவே பாதி ஒத்துழையாமையில் இருந்தது. விழுந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்கு நிஜமாகவே பயம்.

ஆகவே புகார்ப் படிவம் நிரப்பினாள். 'உற்பத்தியாளரின் எச்சரிக்கையை அப்படியே குறிப்பிடவும்' என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. ஏணியில் ஒட்டியிருந்த ஆங்கிலச் சீட்டு, 'வாபிள்' ஆனால், அதாவது ஆடினால், ஏறாதே என்றது. பார்த்து எழுதினாள். பிடித்தது சனியன். அங்கீகரிக்கப்பட்ட தமிழ்ச் சொல் இல்லாத எந்த ஆங்கிலச் சொல்லும் அந்தத் துறையின் கோப்பில் ஏறக் கூடாது. எனவே ஏணி பழுதுபார்க்கப் போகவில்லை. சொல்தான் நிபுணர் குழுவுக்குப் போனது.

முதல் கூட்டத்தில் வேர்ச்சொல் நிபுணர், இந்தச் சொல் வட ஜெர்மனியின் பேச்சு வழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்றார். 'லாம்' தலைவருக்குப் போதவில்லை. பெரிய அகராதியின் கடைசித் தொகுதியைப் பார்த்துவிடலாம் என்றார். அது மேல்தட்டில் இருந்தது.

"அந்தக் கடைசி வால்யூமைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்கம்மா."

"சார், அதுக்கு அந்த ஏணியிலதான் ஏறணும்."

"எந்த ஏணி?"

"ஆடுதுன்னு எழுதிக் குடுத்தேனே, அதேதான்."

"ஆடுதா இல்லையான்னு இன்னும் முடிவாகலையேம்மா," என்றார் தலைவர், மிகுந்த பரிவோடு. "அதுக்குத்தானே புத்தகமே கேக்குறோம்."

ஏறினாள். ஏணி ஆட ஆட, ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினாள். மேற்கோள் நூல்கள் இரவு மேசையில் தங்கக் கூடாது என்பது விதி என்பதால், மாலையில் மறுபடியும் ஏறி அதை வைத்தாள். கூடவே கூட்டக் குறிப்பையும். 'நிரந்தரப் பாதுகாப்பு' என்பது அங்கே மேல்தட்டுக்குப் பெயர்.

இரண்டாம் கூட்டத்தில், குரல் நடுங்குவதையும் முடிவெடுக்கத் திணறுவதையும்கூட அதே சொல் குறிக்கும் என்று கண்டுபிடித்துக் குழு மெய்சிலிர்த்தது. மூன்றாம் கூட்டத்தில் 'தள்ளாட்டம்' முன்மொழியப்பட்டு, சாராய வாடை அடிப்பதாக நிராகரிக்கப்பட்டது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தொகுதி இறங்கியது, ஏறியது. தொகுதிக்குக் கால் இல்லை, அவள் கால்தான்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். கதையைக் கேட்டுவிட்டு, "ஒரு அட்டையை மடிச்சு அடியில குடுத்தா ஆட்டம் நிக்கப் போகுது, இதுக்கு எதுக்கு கமிட்டி?" என்றார். மறுநாள் அப்படியே செய்தாள். ஆட்டம் நின்றது. இரண்டு நாள் நிம்மதியாக ஏறினாள்.

நான்காவது கூட்டம் நேரடிக் கள ஆய்வு. குழுவினர் ஏணியைச் சுற்றி நின்று, குனிந்து, அட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஆய்வில் இருக்கும் பொருளின் நிலையை மாற்றுவது சாட்சியத்தைக் கலைப்பதாகும் என்று சட்ட அலுவலர் எச்சரித்தார். அட்டை உருவப்பட்டு, உறையிலிட்டு முத்திரை வைக்கப்பட்டது. அது இப்போதும் பத்திரமாக இருக்கிறது, மேல்தட்டில்.

ஐந்தாவது கூட்டத்தில் 'ஆட்டம்', 'தடுமாற்றம்' என்று இரண்டு சொற்களே களத்தில் மிஞ்சின. சட்ட அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நுட்பம் சொன்னார். ஆட்டம் என்றால் அது ஏணியின் குறை, வாங்கியவர் பதில் சொல்ல வேண்டும். தடுமாற்றம் என்றால் பழி ஏறியவரோடு போய்விடும். ஏணியை வாங்கக் கையெழுத்துப் போட்டவர் தலைவர். அவர் நெடுநேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "தமிழுக்கு எது அழகோ அதையே வைப்போம்," என்றார்.

ஆறாவது கூட்டத்துக்குத் தொகுதியை எடுக்க ஏறியபோது அவள் விழுந்தாள். இடது கால் முறிந்தது. தொகுதிக்குச் சேதமில்லை என்பது ஆறுதலுடன் குறித்துக்கொள்ளப்பட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் 'தடுமாற்றம்' ஒருமனதாக நிறைவேறியது.

நான்காம் நாள் மருத்துவமனைக் கட்டிலுக்கே ஓலை வந்தது. பணி நேரத்தில் தடுமாறியதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். அவளுக்குக் கால் வலித்தது. அதைவிட வயிறு எரிந்தது. வீட்டுக்காரரை ஓர் எழுது அட்டையைப் பிடிக்கச் சொல்லி, அதன்மேல் தாளை வைத்துத் தன் கையாலேயே எழுதினாள்:

'ஐயா, நான் தடுமாறவில்லை. மூன்று மாதம் தடுமாறியது யார் என்பது கூட்டக் குறிப்புகளில் கையெழுத்தோடு இருக்கிறது. முதல் ஐந்தும் மேல்தட்டில் உள்ளன. ஏணியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தாங்களே ஏறி எடுத்துப் பார்த்துக்கொள்ளவும்.'

பதில் போய் நான்கு மாதமாகிறது. ஏணிமேல் குற்றமில்லை என்று ஒருமனதாகக் கை தூக்கிய அந்த மேதைகளில் ஒருவர்கூட இன்றுவரை அதன் முதல் படியில் கால் வைக்கவில்லை.