பதாகையின் முதுகு

"மூடாதே! மூடாதே! துறையை மூடாதே!"

ஹில்டா வகுப்பு ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். சாத்தியும் சத்தம் உள்ளே வந்தது.

ஆவடிப் பக்கத்து அந்தக் கல்லூரியில் வரலாறு, அரசியல் அறிவியல் இரண்டில் ஒன்றை இந்த வருஷத்தோடு மூடப்போகிறார்கள். எது என்று இன்று முடிவாகும். வரலாற்றுக்கு ஹில்டா, அரசியலுக்குப் புதிதாக வந்த ஹெலினா. மாடியிலிருந்து பார்த்தால் வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் நடுவே ஹெலினாவின் கைத்தறிப் புடவையும் தெரிந்தன. பதாகை சாலையைப் பார்த்திருந்தது. ஹில்டாவுக்குக் கிடைத்தது அதன் முதுகுதான்.

தன் வேலையைக் காப்பாற்றப் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டாளே!

வயிறு எரிந்தது. ஹில்டாவும்தான் பிரெஞ்சுப் புரட்சியைத் தொண்டை வறள நடத்தியிருக்கிறாள். ஒரு பிள்ளை கை தூக்கியதென்றால், அது பாத்ரூம் போகத்தான்.

தன் மாணவர்களாவது அங்கே போகக்கூடாது.

"எல்லாரும் பேப்பர் எடுங்க. டெஸ்ட்."

"இன்னிக்கா மிஸ்?" ஜெர்வின் திகைத்தான். "கேட்டுல போய் உக்கார வேணாமா?"

"போனா இன்டர்னல் மார்க்குல கை வைப்பேன்."

"மார்க் போனா போவட்டும் மிஸ்" என்று ஜீவா எழுந்தாள். பின்னாலேயே வகுப்பு காலியானது. காலையில் ஹில்டா கரும்பலகையில் எழுதிப்போட்ட 'சான்றைப் பார்க்காமல் எதையும் எழுதாதே' மட்டும் மிச்சம்.

என் பிள்ளைகளுமா?

ஜீவாவின் அம்மா சாமுண்டீஸ்வரிக்குப் போன் போட்டாள். "உங்க பொண்ணு ரோட்டுல உக்காந்திருக்கா. வந்து இழுத்துட்டுப் போங்க."

"ஐயையோ, தோ வந்துட்டேன் மேடம்!"

பட்டாபிராமிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து குதித்தவள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். மகள் ஏதோ சொன்னாள். சாமுண்டீஸ்வரி முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டோக்காரரும்.

அப்படி என்ன சொக்குப்பொடி வைத்திருக்கிறாள் இந்த ஹெலினா?

ஹில்டா தாளாளர் பக்தவத்சலத்தின் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், பாடம் நடத்தச் சொன்னா போராட்டம் நடத்துறாங்க. இது காலேஜா, கட்சி ஆபீஸா? இன்னிக்குப் பணிஞ்சீங்கன்னா நாளைக்கு எல்லாத்துக்கும் கேட்டுல உக்காருவாங்க. எந்தத் துறையை மூடாதேங்கிறாங்களோ, அதையே மூடுங்க!"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா மேடம் இதைச் சொல்றீங்க?"

"நானேதான் சார். கொஞ்சமும் இரங்காதீங்க."

"சொந்தம் பந்தம் பார்க்காத ஆள் மேடம் நீங்க" என்று நெகிழ்ந்து, உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

ஹில்டா மிதந்தபடி படி இறங்கினாள். ஹெலினாவின் முகம் சுருங்குவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ஆனால் ஹெலினா அவளைக் கண்டதும் சிரித்தாள். கத்திக் கத்திக் குரல் கட்டிப்போயிருந்தது, நகர்ந்து இடம் விட்டாள்.

சாமுண்டீஸ்வரிதான் பேசினாள்:

"இன்னா மேடம், இம்மா நேரமா? வரலாறு இல்லாம அரசியலு எதுக்குன்னு ஹெலினா மிஸ்ஸு தொண்டை கிழிய கத்திகினு கீது. வந்து குந்துங்க, உங்க டிபார்ட்மென்ட்ட எவன் மூடுறான்னு பாத்துருவோம்!"