கார்த்திகையைச் சுற்றி நீலப் புகை

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கும் ஜக்கையனுக்கும் நடுவே ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அந்த வெளக்க மட்டும் அணைச்சிட்டா நல்லாருக்கும்" என்றார்.

தோட்டத்து முதலாளி சோலைமலை ஓடிப்போய் அணைத்தார். கேட்காமலே அடுப்படிச் சிம்னி விளக்கையும் ஊதி அணைத்தார். போடிமெட்டுச் சரிவில் அந்த ஏலத்தோட்டமே மையிருட்டானது.

என்ன மனுஷன்! இவர் ஜீப்பை விட்டு இறங்கி, முக்காலியில் தொலைநோக்கிக் குழாயைப் பொருத்தியதைப் பார்த்ததுமே கும்பிடு போட்டு, சேவல் பிடிக்க ஆள் விட்டவர். எதற்கு வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அறிவியலுக்கு இவ்வளவு மரியாதையா என்று ஜக்கையனுக்கு உள்ளம் குளிர்ந்தது.

போடியில் அவருக்கு அந்த மரியாதை கிடையாது. பஞ்சு மில்லில் டைம் கீப்பர். கார்த்திகையைச் சுற்றி நீலப் புகை உண்டு, நட்சத்திர வெளிச்சம் பட்டு மினுங்குகிற தூசி அது, கண்ணுக்குத் தெரியாது, அரைமணி நேரம் கேமராவைத் திறந்து வைத்தால் ஃபிலிமில் விழும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு தடவைகூடப் படம் விழவில்லை.

"இன்னைக்கும் விழலைன்னா, அந்தக் கொழா நாளைக்கு எந்தம்பி தோட்டத்து வாய்க்காலுக்கு" என்று மனைவி இருளம்மாள் முடிவாகச் சொல்லிவிட்டாள். தம்பி வெள்ளைத்துரை மாட்டுவண்டியோடு தயார்.

இருட்டு அமைந்தது. ஆனால் காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து விறகுப் புகை எழும்பி வானத்தை மறைத்தது.

"அண்ணே, அந்தப் புகைதான்..."

"இந்தா நிறுத்திருவோம் சார்!"

ஏலக்காய் பாதி உலர்ந்து கிடந்தது. அதையும் பாராமல் சோலைமலை அடுப்பில் ரெண்டு குடம் தண்ணீரைக் கொட்டினார். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதைதான். நீலப் புகை தேடி வந்தவரைக் கரும்புகை சூழ்ந்துகொண்டது. இருமி முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

ஒருவழியாக வானம் தெளிந்தது. ஜக்கையன் குழாயோடு கட்டியிருந்த கேமராவைத் திறந்துவிட்டு, குழாயில் கண்ணை வைத்து, நட்சத்திரம் நகர நகரத் திருகைத் திருப்பினார். சாமி புண்ணியத்தில் எல்லாம் கூடி வந்தது.

"இங்கருந்து எல்லாம் என்னமாத் தெரியுது, அண்ணே!"

சோலைமலை காட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "எல்லாமேவா சார்?"

"ஒரு தூசிகூடத் தப்பாது. படத்துல அப்படியே விழுந்திரும்."

சோலைமலை இருட்டுக்குள் ஓடினார்.

சற்று நேரத்தில், தொம்! குழாயில் நட்சத்திரம் ஒரு துள்ளு துள்ளியது. மறுபடி, தொம்! சேவலுக்கு மசாலா இடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அண்ணே, என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல சார்! சின்னச் சோலி!" என்று தூரத்திலிருந்து குரல் வந்தது.

விருந்து வைக்கிறவரை எப்படி நிறுத்தச் சொல்வது? "வெரசா முடிக்கச் சொல்லுங்கண்ணே!"

வெரசாகத்தான் முடித்தார்கள். தொம் தொம் தொம் தொம் என்று மலையே அதிர்ந்தது. நட்சத்திரங்கள் சாமியாடின. திருகைப் பிடித்து அவரும் கூடவே ஆடினார். சத்தம் நின்றபோது கேரளத்துப் பக்கமிருந்து பனிமஞ்சு ஏறி வானத்தை மூடிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

ஜக்கையன் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாளைக்கு வண்டியேறப்போகும் குழாயின் முக்காலிக் காலைக் கட்டிக்கொண்டார்.

காவல்காரர் ராக்கையா வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். கையெல்லாம் மண்.

"எதுக்குய்யா இம்புட்டு இடி இடிச்சீங்க? எம் பொழப்பே போச்சே!" என்று ஜக்கையன் கத்தினார்.

ராக்கையா மண் கையோடு கும்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி, ஃபாரஸ்ட்டு நெலத்துக்குள்ள போட்டிருந்த வேலியப் பூராம் பிடுங்கி, பழைய எல்லையிலயே ஊனிப்புட்டோம், இனிமே அந்தக் கொழாயில பாத்துத் தாராளமா அளந்துக்கங்க, சர்வேயர் அய்யா!"